வீட்டார் எல்லோரையும் அழைத்து வரச் சொல்கிறார்கள்: குடும்ப உளச்சிகிச்சைக்கு யார் யார் போக வேண்டும்?

உப்புவெளிச் சின்னம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் குடும்பத்துக்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். அக்காவின் மகனுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருக்கும் வேளையில் பாடசாலைக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டான். பகலில் உறங்குகிறான், இரவில் கைபேசியோடு விழித்திருக்கிறான், சாப்பாட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்கிறான். அக்கா பல ஆண்டுகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுப் போன வருடந்தான் நிரந்தரமாகத் திரும்பினார். அதுவரை அவனையும் அவனுடைய தமக்கையையும் வளர்த்தவர் எங்கள் அம்மா. அத்தான் கடற்றொழில் செய்கிறார். வீடு அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு; அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்.

உளநலக் கிளினிக்கில் மருத்துவர் அவனோடு தனியாகப் பேசினார். மருந்து எதுவும் எழுதவில்லை. அடுத்த முறை வீட்டில் உள்ள அனைவரும் வர வேண்டும், குடும்பமாக இருந்து பேசுவோம் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து வீட்டில் இதுவே பேச்சாகிவிட்டது. அம்மா, "விசர் பிடித்தது எனக்கா? நான் ஏன் அங்கே போய்க் குந்தியிருக்க வேண்டும்?" என்று கேட்கிறார். அத்தான் ஒரு நாள் தொழில் போனால் அந்த நாள் வருமானம் யார் தருவது என்கிறார். பிள்ளையை விட்டுப் போன குற்றத்தை எல்லோர் முன்னிலையிலும் தன்மீது சுமத்தவே அழைக்கிறார்கள் என்று அக்கா நினைக்கிறார். இப்படி ஒரு சிகிச்சையால் உண்மையில் பயன் உண்டா? உண்டென்றால், யார் யார் கட்டாயம் போக வேண்டும்?

நிலாவெளிவாசி:

சகோதரி, நான் சொல்வது கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் குடும்பத்துக்குள் பிணக்கு வந்தால் தாய்மாமனையோ, ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரையோ அழைத்து, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பது வழக்கம். அதிலும் தீராவிட்டால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபை இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் அந்தக் குடும்பத்தின் வேரும் கிளையும் தெரியும். பட்டம் பெற்ற ஒருவர், வீட்டு வாசலைக்கூடக் கண்டிராதவர், ஒரு மணி நேரத்தில் எதைத் தீர்த்துவிடப்போகிறார்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். திருகோணமலை சிறிய ஊர். கிளினிக் வாசலில் ஒரு குடும்பமே வரிசையாக இருப்பதை ஒருவர் கண்டால், பொழுது படுவதற்குள் சாம்பல்தீவு வரை செய்தி போய்விடும். அந்த வீட்டில் கலியாண வயதை நெருங்கும் ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறாள். பையனைத் திருத்தப் போய் அவளுடைய வாழ்க்கைக்கு இடைஞ்சல் தேடிக்கொள்ள வேண்டுமா?

ஓய்வுபெற்ற உளவளத்துணையாளர்:

நிலாவெளி ஐயா எழுப்பிய இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஊர்ப்பேச்சுக்குப் பின்னர் வருகிறேன்; முதலில் பெரியவர்கள் செய்வதற்கும் குடும்ப உளச்சிகிச்சையில் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பெரியவர் பிணக்கைக் கேட்டு முடிவில் ஒரு தீர்ப்பைச் சொல்கிறார்: இன்னாரில் பிழை, இன்னார் இறங்கிப் போக வேண்டும் என்று. காணி எல்லைச் சண்டைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் அது போதும். ஆனால் 16 வயதுப் பிள்ளை அறைக்குள் அடைந்து கிடப்பது தீர்ப்பால் மாறுகிற விடயம் அன்று. குடும்ப உளச்சிகிச்சை செய்பவர் தீர்ப்பைத் தேடுவதில்லை; வீட்டில் எதற்குப் பின்னால் எது நடக்கிறது என்ற ஒழுங்கைத் தேடுகிறார்.

சின்னம்மா எழுதியதை வைத்தே ஊகித்துச் சொல்கிறேன், பிழையென்றால் அவர் திருத்தட்டும். தாய் காலையில் அறைக் கதவைத் தட்டிப் பையனைக் கண்டிக்கிறார். அம்மம்மா, "வந்து ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் பிள்ளையைப் படுத்துகிறாய்" என்று குறுக்கே வருகிறார். இப்போது சண்டை தாய்க்கும் அம்மம்மாவுக்கும் இடையே போய்விடுகிறது. பையன் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்கிறான். தகப்பன் இரண்டு பெண்களுக்கும் நடுவில் அகப்படாமல் கடற்கரைக்குப் போய்விடுகிறார். பின்னேரம் தாய்க்கு ஏற்படும் தனிமையும் கோபமும் மறுநாள் காலைக் கண்டிப்பை இன்னும் உரக்கச் செய்கின்றன. இதில் முதலில் பிழை விட்டவர் யாரென்று கேட்டால், நால்வரும் நான்கு இடத்திலிருந்து கதையைத் தொடங்குவார்கள், நால்வர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். கரைவலை இழுக்கும்போது ஒரு பக்கத்துக் கயிற்றைப் பிடித்தவர்கள் மட்டும் வேகமாக இழுத்தால் மடி கோணிப்போகும், மற்றப் பக்கத்தாரும் பலத்தைக் கூட்டுவார்கள். இந்த வீட்டிலும் ஒவ்வொருவருடைய இழுப்பும் மற்றவருடைய இழுப்புக்குப் பதிலாகவே இருக்கிறது. ஆகவே பையனை மட்டும் தனியே அழைத்து அறிவுரை சொன்னால், அவன் திரும்பிப் போவது அதே காலைக்குத்தான்.

இந்த எண்ணம் மருத்துவத்துக்குள் வந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் மரே போவன் என்ற மருத்துவர் 1954 முதல் 1959 வரை அரச உளநல ஆய்வு நிறுவனம் ஒன்றின் விடுதியில், சிக்கலான மனநோய் கொண்ட இளையோரை முதலில் தாய்மாரோடும், பின்னர் தந்தையர், உடன்பிறந்தோர் எல்லோரோடும் தங்க வைத்துக் கவனித்தார். இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது அவர்கள் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொண்டு ஆறுதல் தேடுகிறார்கள் என்று அவர் விளக்கினார். உப்புவெளி வீட்டில் அந்த மூன்றாமவன் பெரும்பாலும் அந்தப் பையன்.

அமர்வில் நடப்பது பெரும்பாலும் கேள்விதான். இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாசொலியும் அவருடைய தோழர்களும் வளர்த்தெடுத்த ஒரு முறை இங்கே மிகவும் உதவும். ஒருவரிடம் அவருடைய குறையைக் கேட்காமல், மற்ற இருவரைப் பற்றிக் கேட்பார்கள். தமக்கையிடம், "தம்பி எழும்பாத காலையில் அம்மா கூட வருத்தப்படுகிறாவா, அம்மம்மா கூட வருத்தப்படுகிறாவா?" என்று கேட்பார்கள். தகப்பனிடம், "இவர்கள் இருவரும் வாக்குவாதப்படும்போது மகன் என்ன செய்கிறான்?" என்பார்கள். பையனிடம், "நாளைக்கே நீ பாடசாலைக்குப் போய்விட்டால் வீட்டில் யார் யார் எதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்?" என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் மௌனமே சில வேளைகளில் ஒரு வீட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

கிண்ணியா ஆசிரியர்:

உப்புவெளிச் சகோதரிக்கும் ஏனையோருக்கும் என் வணக்கம். தாய் வெளிநாட்டில் இருந்து பிள்ளை பாட்டியிடம் வளரும் வீடுகளை என் வகுப்பறைகளில் நிறையவே கண்டிருக்கிறேன். அங்கே பிள்ளை மிக விரைவில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: பணத்தைத் தொலைபேசியில் தாயிடம் கேட்பது, அனுமதியைப் பாட்டியிடம் கேட்பது, இருவருக்கும் தெரியக்கூடாததைத் தகப்பனிடம் கேட்பது. தாய் திரும்பி வந்ததும் இந்த மூன்று வாசல்களும் ஒன்றாக வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு அது நட்டம். அரசாங்கம் 2013ஆம் ஆண்டில் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு போவோருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று விதித்தது; ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மாருக்கு அது பெரும் தடையாயிற்று. போவதைத் தடுக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. திரும்பி வரும் தாய் தன் வீட்டில் மறுபடியும் எப்படி இடம்பிடிப்பது என்பதைப் பற்றி எந்த அறிக்கையையும் நான் கண்டதில்லை.

இரு தரப்பையும் சேர்த்து இருத்திப் பேசுவது எங்கள் சமூகத்துக்கு அந்நியமானதன்று. கணவன் மனைவிக்கிடையே பிளவு வரும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக வையுங்கள் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 35ஆம் வசனம் சொல்கிறது. நடைமுறையில் நான் காண்பது என்னவென்றால், காதி நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்த இருவரும் நடுவராக இருப்பதை மறந்து தத்தம் தரப்பின் சட்டத்தரணிகளாகிவிடுகிறார்கள். பேச்சு முடிந்து வெளியே வரும்போது முன்னர் இரண்டு பேர் கோபித்திருந்த இடத்தில் இருபது பேர் கோபித்திருப்பார்கள். உளவளத்துணையாளர் ஐயாவிடம் கேட்கிறேன்: சிகிச்சையாளர் யாருடைய பக்கம்?

ஓய்வுபெற்ற உளவளத்துணையாளர்:

எல்லோருடைய பக்கமும், ஆனால் முறை வைத்து. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவான் பொசோர்மெனி-நாகி என்பவர் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார். அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்காகவும், அறைக்கு வராதவருக்காகவும்கூட, சிகிச்சையாளர் சிறிது நேரம் பரிந்து பேச வேண்டும் என்றார். குடும்பங்களில் கொடுத்ததற்கும் பெற்றதற்குமான ஒரு கணக்கு தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது, அது தீராமல் நிற்கும்போது பிணக்கு வேறு உருவில் வெளிப்படுகிறது என்பது அவருடைய பார்வை. எனக்கு மிகவும் பிடித்த பார்வையும் அதுதான், ஏனென்றால் நம்மவர்களின் வீட்டுச் சண்டைகளில் பாதி கணக்குத் தீர்க்கும் சண்டைகளே.

அந்த அம்மம்மாவை எண்ணிப் பாருங்கள். தன் முதுமையில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்து, துவைத்து, பாடசாலைக் கூட்டங்களுக்குப் போய், காய்ச்சலுக்குக் கண்விழித்திருக்கிறார். மகள் வந்திறங்கிய நாளிலிருந்து அவருடைய வளர்ப்பில் பிழை காணப்படுகிறது. அவர் கிளினிக்குக்கு வர மறுப்பதை நான் பிடிவாதமாகக் கருதமாட்டேன். மறுபுறம் தாயும் தன் பிள்ளைகளுக்காகவே பாலைவனத்தில் மற்றவர் வீட்டில் உழைத்தார். இருவரும் கொடுத்தவர்கள்; இருவருக்கும் இன்னும் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. நல்ல சிகிச்சையாளர் முதல் அமர்வில் பையனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னரே இதைத்தான் கேட்பார்: இந்த ஆண்டுகளில் யார் எதைச் சுமந்தீர்கள்?

நிலாவெளிவாசி:

ஐயா, அழகாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் இந்தத் துறையின் பழைய வரலாற்றையும் சொல்லிவிடுங்கள். மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று ஒரு காலத்தில் எழுதி வைத்தவர்களும் இந்த வகை அறிஞர்கள்தானே? அக்காவின் அச்சம் வெறும் கற்பனை அன்று. மேலும் மேல்நாட்டில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்த அளவுக்குத் தைத்த சட்டையை நம் குடும்பத்துக்கு எப்படிப் போடுவது?

ஓய்வுபெற்ற உளவளத்துணையாளர்:

முதல் குற்றச்சாட்டு முழுக்கவும் உண்மை. 1948ஆம் ஆண்டில் பிரீடா புரோம்-ரைக்மான் என்ற மருத்துவர் நோயை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுதினார். 1956இல் கிரகரி பேட்சனும் அவருடைய குழுவினரும் ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளுக்குள் பிள்ளை சிக்குவதைப் பற்றி எழுதியதும் பல இடங்களில் பெற்றோரைக் குற்றஞ்சாட்டவே பயன்பட்டது. தாயின் வளர்ப்பால் மனச்சிதைவு வருவதில்லை என்பது இன்று ஐயமில்லாத விடயம். எந்த உளவளத்துணையாளராவது அக்காவை நோக்கி விரல் நீட்டினால் அவரைவிட்டு எழுந்து வருவதற்கு அக்காவுக்கு உரிமை உண்டு.

இரண்டாவதற்கு நான் முழுவதும் உடன்படவில்லை. குடும்பத்தாரைச் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொள்வதில் தெற்காசியா பின்தங்கி இருக்கவில்லை. பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர் 1950களில் வளவுக்குள் கூடாரங்கள் அடித்து நோயாளரின் உறவினர்களையும் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957இல் தொடங்கியபோதே நோயாளியோடு குடும்பத்தவர் ஒருவர் தங்குவது நடைமுறையாயிற்று. பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தில் குடும்பங்களுக்கென்றே தனிப்பிரிவு பல பதிற்றாண்டுகளாக இயங்குகிறது.

சட்டையின் அளவைப் பற்றிச் சொன்னீர்கள், அது சரி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: இந்தியாவிலிருந்து வரும் தமிழ் நூல்களும்கூட நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அவற்றில் மருமகள் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். கிழக்கிலோ சீதன வீடு பெண்ணின் பெயரில் இருக்கிறது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்கிறார். சல்வடோர் மினுச்சின் என்பவர் 1974இல் வெளியிட்ட தன் நூலில், பெற்றோர் இருவரும் ஓர் அணியாக நின்று பிள்ளைகளுக்கு மேலே அதிகாரம் செலுத்த வேண்டும், அந்த அணிக்கும் மற்றவர்களுக்கும் இடையே தெளிவான எல்லை வேண்டும் என்று எழுதினார். உப்புவெளி வீட்டில் அந்த அணியில் உண்மையில் இருப்பவர்கள் தாயும் அம்மம்மாவும். தகப்பன் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பிறகும் மாமியின் வீட்டில் விருந்தாளி போலவே நடந்துகொண்டிருப்பார். அவருக்கு அக்கறை இல்லை என்று ஊர் சொல்லும். அவருக்கு அங்கே சொல்லுரிமை இல்லை என்பதே பெரும்பாலும் நிலைமை. அம்மம்மாவை ஒதுக்கிவிட்டுக் கணவன் மனைவியை மட்டும் அணியாக்கப் பார்க்கும் சிகிச்சையாளர் இங்கே தோற்றுப்போவார். அம்மம்மாவின் மதிப்பைக் குறைக்காமல், எந்த விடயத்தில் யாருடைய சொல் இறுதியானது என்று மூவரும் இருந்து பிரித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, சாப்பாடும் உறக்கமும் அம்மம்மாவின் பொறுப்பு, பாடசாலையும் கைபேசியும் தாய் தகப்பனின் பொறுப்பு. அந்த இரண்டில் அம்மம்மா பையனுக்கு முன்னால் குறுக்கே பேசமாட்டார், தனியே மகளிடம் சொல்லலாம். கேட்கச் சிறிய விடயமாக இருக்கும். நடைமுறைப்படுத்தப் பல மாதங்கள் ஆகும்.

பாலையூற்றுத் தங்கை:

எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் தேறி வீட்டுக்கு வருவார், சிறிது காலத்தில் மறுபடியும் குழம்பிப்போவார். மருந்தை ஒழுங்காக எடுத்தும் ஏன் இப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை. எங்களோடு குடும்பமாகப் பேசிய உளசமூகப் பணியாளர் ஒருவர்தான் எங்கள் ஒரு நாளை மணித்தியாலம் மணித்தியாலமாகக் கேட்டறிந்தார். அப்பா அண்ணனைச் சோம்பேறி என்று ஏசுவதும், அம்மா அவருக்குச் சோறு ஊட்டிவிடாத குறையாகப் பின்னாலேயே திரிவதும் எங்களுக்கு அன்றுவரை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

பின்னர் இதைப் பற்றி வாசித்தேன். இலண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களின் இறுதியிலிருந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஓயாத குறைகூறல், பகைமை, அளவுமீறிப் பொத்திப் பொத்திப் பார்த்தல் ஆகிய மூன்றில் ஏதாவது மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீள்வது கூடுதலாக இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள், குடும்பத்துக்கு நோயை விளக்கி, பேசும் முறையையும் பிரச்சினையைத் தீர்க்கும் முறையையும் பழக்கினால் அந்த மீள்வு குறைகிறது என்று காட்டின. பிரித்தானியாவில் இந்நோய்க்கான மருத்துவ வழிகாட்டலே மருந்தோடு குடும்பச் சிகிச்சையையும், மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரையான காலத்தில் குறைந்தது 10 அமர்வுகளாக, வழங்கச் சொல்கிறது. குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்பதல்ல இதன் பொருள். நீரிழிவுக்காரர் வீட்டில் எல்லோரும் சமையலை மாற்றிக்கொள்வதில்லையா, அதைப் போன்றது என்று அந்தப் பணியாளர் அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவை மாற்றியது, எழும்ப மனமில்லாமல் கிடப்பதும் நோயின் ஓர் அறிகுறிதான் என்று அவர் அறிந்துகொண்டது. அதுவரை அதைக் குணக்கேடு என்றே நினைத்திருந்தார். அம்மாவை மாற்றுவது அதைவிடக் கடினமாக இருந்தது. பாசத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று அழுதார். நாளில் சில மணி நேரம் அவர் அண்ணனைவிட்டு விலகி, தன் தங்கையின் வீட்டுக்கோ கோயிலுக்கோ போய்வர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இணங்க வைப்பதற்கே பல அமர்வுகள் பிடித்தன. அண்ணன் குணமாகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. விடுதிக்குப் போகும் இடைவெளி நீண்டிருக்கிறது.

நீதிமன்ற வீதியிலிருந்து:

நான் சட்டத்தரணி. இந்த இழையில் இதுவரை ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து இருந்து பேசுவது எல்லா வீட்டுக்கும் ஏற்றதன்று. அடி, உதை, மிரட்டல், பாலியல் துன்புறுத்தல் இருக்கும் வீட்டில் பாதிக்கப்பட்டவரைத் துன்புறுத்தியவருக்கு முன்னால் இருத்தி மனந்திறந்து பேசச் சொன்னால், அவர் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் இரவில் வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும். யார் எதற்குப் பின்னால் என்ன செய்தார் என்ற அந்த ஒழுங்கு பார்க்கும் முறையும் அங்கே ஆபத்தானது. அடித்தவரின் பொறுப்பை அடிபட்டவரோடு பங்கு போட்டுவிடும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்; அது 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். உளவளத்துணைக்குப் போகுமாறு கட்டளையிடவும் அச்சட்டம் நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. என் அபிப்பிராயம், பாதுகாப்பு உறுதியான பின்னரே, அதுவும் தனித்தனியே, அது தொடங்க வேண்டும். ஆகவே எந்தக் குடும்பத்தையும் ஒன்றாக அழைப்பதற்கு முன்னர் ஒவ்வொருவரையும் தனியே ஒருமுறை சந்தித்து, வீட்டில் பயம் இருக்கிறதா என்று கேட்காத துணையாளரை நம்ப வேண்டாம். உப்புவெளி வீட்டில் மருத்துவர் பையனிடம் தனியே பேசியது சரியான தொடக்கம்.

சம்பூர்க்காரன்:

வராதவருக்காகவும் பேச வேண்டும் என்று துணையாளர் ஐயா எழுதியிருந்தது என்னை எழுதத் தூண்டியது. எங்கள் பக்கத்தில் 2006இல் போரால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்களில், திரும்பாதவர் ஒருவராவது இருக்கும் வீடுகள் பல. தகப்பன் காணாமல்போன வீட்டில் தாய் இன்னும் பொட்டு வைத்திருக்கிறார். மூத்த மகன், அப்பா இனி வரமாட்டார் என்று முடிவு செய்துவிட்டான். அவனுடைய திருமணத்தில் தாய் முன்னுக்கு நிற்கலாமா என்பதில் தொடங்கிய வாக்குவாதம், காணாமல்போனமைக்கான சான்றிதழை வாங்குவதா, நட்டஈடு கிடைத்தால் தொடுவதா என்பதில் முற்றி, தாயும் மகனும் பேசாமல் போனார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தச் சிகிச்சை எதைச் செய்யும்?

ஓய்வுபெற்ற உளவளத்துணையாளர்:

சம்பூர்த் தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே கடினமான கேள்வி. பொலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்ததிலிருந்து இத்தகைய தெளிவற்ற இழப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தவர். அவருடைய அணுகுமுறையில் குடும்பத்தை ஒரே முடிவுக்கு வரவைக்க முயல்வதில்லை. தாய் காத்திருக்கலாம், மகன் காத்திருக்காமல் இருக்கலாம். இருவரும் ஒரே வீட்டில் அவ்வாறு இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள வைப்பதே வேலை. உறுதியான செய்தி கிடைக்காமல் முடிவை நெருக்குவது வன்முறை. அந்தத் திருமணத்தைப் பொறுத்தவரை, யார் சொல்வது உண்மை என்ற விவாதத்தை விட்டுவிட்டு, அந்த ஒரு நாளில் தகப்பனுக்கு என்ன இடம் கொடுப்பது என்று இருவரையும் சேர்ந்து தீர்மானிக்க வைப்பேன். அத்தகைய பல குடும்பங்களை ஒன்றாக இருத்திப் பேசவைப்பதும் நல்ல பயன் தரும் என்று அவர் காட்டியிருக்கிறார். தாய் தன் மகனிடம் கேட்க மறுப்பதை அடுத்த வீட்டு மகனின் வாயிலிருந்து கேட்டுக்கொள்வார்.

உண்மையைத் தேடுவதும் நீதி கேட்பதும் வேறு. அவற்றுக்குப் பதிலாக உளவளத்துணையைத் தருகிறோம் என்று யார் வந்தாலும் சந்தேகியுங்கள்.

உப்புவெளிச் சின்னம்மா:

எல்லோருக்கும் நன்றி. துணையாளர் ஐயா ஊகித்தது பெரும்பாலும் சரி. ஒன்று மட்டும் வேறு. அத்தான் விலகிப் போவது கடற்கரைக்கு அல்ல, தன் தங்கையின் வீட்டுக்கு. இவ்விழையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஆனால் அம்மா இன்னும் வர இணங்கவில்லை. அம்மா வராவிட்டால் போவதில் பயன் இல்லையா? இன்னுமொன்று: சில நாட்களில் கிளினிக்கில் இருக்கும் மருத்துவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. சென்ற முறை தமக்கைக்காரிதான் சிங்களத்தில் மொழிபெயர்த்தாள்.

ஓய்வுபெற்ற உளவளத்துணையாளர்:

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது அவசரமானது. பெற்றோரின் பிணக்கைப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது. தாய் சொல்வதை அவள் மென்மையாக்குவாள், தம்பி சொல்வதில் பாதியை விழுங்குவாள், வீட்டுக்கு வந்து யாரிடமாவது ஏச்சு வாங்குவாள். தாய் இல்லாத ஆண்டுகளில் அந்தப் பெண் ஏற்கெனவே சின்னத் தாயாக இருந்திருப்பாள். தமிழ் பேசும் தாதியரையோ உளசமூகப் பணியாளரையோ இருக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக வேறு திகதி தந்தாலும் பரவாயில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரித்துப் பாருங்கள். அங்கே பலரும் பல அலுவலுக்கு வந்து போவதால், நிலாவெளி ஐயா அஞ்சும் ஊர்க்கண் அவ்வளவாகத் தொடராது. ஆனால் உத்தியோகத்தர் உங்கள் உறவினராகவோ அயலவராகவோ இருந்தால் தயங்காமல் வேறொருவரைக் கேளுங்கள்.

அம்மா வராவிட்டாலும் தொடங்கலாம். மயாமியில் கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பங்களோடு பணியாற்றிய ஹொசே சபோச்னிக், 1980களில், குடும்பத்தில் ஒருவரை மட்டும் முதன்மையாகச் சந்தித்தும் குடும்பம் முழுவதன் போக்கையும் மாற்ற முடியும் என்று ஆராய்ந்து காட்டினார். ஒருவர் தன் அடியை மாற்றினால் மற்றவர்கள் பழைய அடியை அப்படியே வைக்க முடியாது. அக்காவும் அத்தானும் இருவராகப் போகட்டும். அம்மாவுக்கு, "உங்களைக் குணப்படுத்த அல்ல, இவனை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் நீங்கள் என்பதால் கூப்பிடுகிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அது முகத்துதி அன்று, உண்மை.

தொழில் நாளைப் பற்றி அத்தான் கவலைப்பட வேண்டியதில்லை. கிழமைதோறும் போக வேண்டும் என்பது இல்லை. மிலான் குழுவினரிடம் தென் இத்தாலியிலிருந்து ரயிலில் வந்த குடும்பங்கள் அடிக்கடி வர முடியாமையால் மாதம் ஒருமுறை சந்தித்தார்கள். இடைவெளி நீண்டபோது மாற்றம் கூடுதலாக இருந்ததைக் கண்டு அதையே முறையாக்கினார்கள். வாடைக் காலத்தில் அவர் எப்படியும் கடலுக்குப் போகும் நாட்கள் குறைவு.

ஒன்றை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள். பையன் வாழ விருப்பமில்லை என்பது போல ஏதாவது சொன்னால் குடும்ப அமர்வுத் திகதியைப் பார்த்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நிலாவெளிவாசி:

எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பெரியவர்களிடம் போகும்போது முடிவு ஒன்று கிடைக்கும். இங்கே அது கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைய வேண்டும் போலிருக்கிறது. இருந்தாலும் சகோதரியின் அத்தானைப் பற்றி எழுதியது சிந்திக்க வைத்தது. நானும் மாமி வீட்டில் இருக்கும் மாப்பிள்ளைதான். ஒரு கேள்வி: பையனே வர மறுத்தால்?

ஓய்வுபெற்ற உளவளத்துணையாளர்:

பெற்றோர் போகட்டும், ஐயா. அவனை இழுத்துப் போக வேண்டாம். போய்வந்த நாளன்று அங்கே பேசியதை அவனிடம் மறைக்காமல் சுருக்கமாகச் சொல்லி, அடுத்த முறை வர விருப்பமா என்று ஒரு தடவை மட்டும் கேட்கட்டும். தன்னைப் பற்றி அங்கே என்ன கதைக்கிறார்கள் என்று அறியும் ஆவலில் வந்து சேர்ந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

உப்புவெளிச் சின்னம்மா:

அக்காவும் அத்தானும் இருவராகப் போவதற்குத் திகதி கேட்டிருக்கிறோம். தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தமக்கை இம்முறை வேலைக்குப் போகட்டும் என்று அக்காவே சொன்னார். அம்மா, நீங்கள் போய்வந்து என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள், பிறகு பார்ப்போம் என்கிறார்.